கம்பியில்லாச் செய்தி வழியில் தொலைவது ஏன்?

ஜாசின் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் தண்ணீர்த் தொட்டி, பள்ளத்தில் மோட்டார். இரண்டிலும் ஆளுக்கொரு மைக்ரோகண்ட்ரோலர். 'தொட்டி நிறைந்துவிட்டது' என்ற செய்தி வானலை வழியே கீழே வர வேண்டும். வீட்டு மேசையில் ஒழுங்காக வந்த செய்தி, தோட்டத்தில் பாதி வந்து பாதி தொலைகிறது. நமது இளைஞர்கள் பலர் இங்கேதான் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். சாமானை மாற்றுவதற்கு முன் கோளாறை வரிசையாகத் தேடுவதே முறை.

முதலில் வானலையைக் கழற்றிவிட்டு, இரண்டையும் கம்பியால் இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் எழுத்துகள் சிதைந்தால், குற்றம் வானலையில் இல்லை. இரு பக்கமும் ஒரே வேகம் வேண்டும். 9600 வேகத்தில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோவினாடிதான். இரு கடிகாரங்களும் 5 விழுக்காடு விலகினாலே எழுத்து தவறிவிடும். சிப்பின் உள் கடிகாரத்தை நம்பாமல் படிகம் பொருத்துவது நல்லது.

அடுத்தது மின்சாரம். செய்தி அனுப்பும் கணத்தில் வானலைக் கருவி திடீரென அதிக மின்சாரம் இழுக்கும். அப்போது வோல்ட் இறங்கினால் செய்தி அறுந்துபோகும். கருவியின் மின்கால்கள் அருகிலேயே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பல நேரம் இத்தொல்லை தீரும்.

மூன்றாவது ஆண்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குச் சுமார் 17.3 செண்டிமீட்டர் நேர்க்கம்பி போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈரமான இலைகள் அதிகம் விழுங்கும். ஆகவே செம்பனை மட்டைகளுக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் சில செய்திகள் தொலையத்தான் செய்யும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே வானலையில் கணினிகளை இணைத்தபோதும் இதே நிலைதான். அவர்கள் கண்ட வழி எளிது: கிடைத்தது என்ற பதில் வராவிட்டால், சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பு. ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புபவர் எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் இருந்தால், காற்றில் வரும் இரைச்சலைச் செய்தியென்று எடுத்துக்கொள்ளும் ஏமாற்றமும் குறையும்.

கடைசியாக ஒன்று. செய்தி வரவில்லை என்றால் மோட்டார் என்ன செய்யும்? 'ஓடிக்கொண்டே இரு' என்று எழுதி வைத்தால், கிணறு வற்றி மோட்டார் புகைந்துவிடும். குறித்த நேரத்தில் தகவல் இல்லையேல் நின்றுவிடும்படி நிரலை எழுத வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாத கருவியே நம்பகமானது.