விலகுவதா, தொடர்வதா?

'பத்து நிமிடம் பார்க்கலாம்' என்று சமூக ஊடகத்தைத் திறக்கிறோம்; ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். கூண்டிலுள்ள பொத்தானைப் புறா கொத்தினால் தானியம் விழும். ஆனால் எத்தனையாவது கொத்துக்கு விழும் என்பது தெரியாது. அப்படி அமைத்தபோது புறா ஓயாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தியது. 1957-இல் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து இத்தகைய முடிவுகளை அவர் நூலாக வெளியிட்டார். கைபேசித் திரையும் இதைப் போன்றதே. அடுத்த படம் சுவையாக இருக்குமா, 'லைக்' வந்திருக்குமா என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ஆகவே விரல் தள்ளிக்கொண்டே போகிறது.

அப்படியானால் விலகிவிடலாமா? 2018-இல் அமெரிக்காவில் முகநூல் பயன்படுத்தும் பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நான்கு வாரம் அதை நிறுத்தச் செய்தனர். அவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிச்சமாயிற்று. சுற்றத்தாருடன் கழித்த நேரம் கூடியது. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. ஆனால் நாட்டு நடப்பை அறிவது குறைந்தது. லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

உங்களுக்கு எது மிகுதி? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். செலவான நேரம், உறங்கிய நேரம், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பவற்றை இரவுதோறும் குறியுங்கள். பிறகு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு அவற்றையே குறியுங்கள். தேர்வோ திருவிழாவோ வரும் வாரம் வேண்டாம். பிற நிலைமைகள் மாறினால் ஒப்பிட முடியாது. முதல் சில நாட்களில் கை கைபேசியைத் தேடலாம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று வாரக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.