ஓடிய நீரும் சுற்றும் நீரும்

ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் யமகோஷி என்று ஒரு மலைப்பகுதி. குளிர்காலத்தில் மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்குப் பனி விழும். வசந்தத்தில் உருகும் பனிநீரை மலைச்சரிவின் மேலே குளங்களில் தேக்கி வைத்து, படிப்படியாக இறங்கும் நெல்வயல்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்தக் குளங்களிலும் வயல்களிலும் விவசாயிகள் கெண்டை வளர்த்தார்கள். பனி வழியை அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. அப்போது சாப்பிட மீன் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுத்த கெண்டைகளுக்கு நடுவே நிறம் மாறிய குஞ்சுகள் சில தென்பட்டன. யாரோ அவற்றைக் குழம்பில் போடாமல் தனியே விட்டு வளர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க வீட்டுத் தோட்டங்களில் நீந்தும் கோய் மீனின் குலம் அங்கிருந்துதான் வருகிறது. 1914இல் டோக்கியோவில் நடந்த பெரிய கண்காட்சிக்கு இந்த மீன்களைக் கொண்டுபோன பிறகே வெளியூர்க்காரர்கள் பலர் அவற்றைப் பார்த்தார்கள்.

அந்த விவசாயிகளிடம் ஃபில்டர் என்று ஒரு பொருள் கிடையாது. தேவைப்படவும் இல்லை. மேலிருந்து வரும் நீர் குளத்தில் நின்று, மெல்லக் கீழே வயலுக்குப் போகும். மீனின் கழிவு நெல்லுக்கு உரம். குளத்தின் அடிச்சேறு முழுக்க நுண்ணுயிர்கள்; கரையில் புல், நீரில் பாசி. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மீன்கள் கொஞ்சம்தான். சுத்தம் செய்யும் வேலையை நிலமே செய்துவிட்டது.

வீட்டோடு ஒட்டிய குளத்துக்கும் அதே கணக்குதான். பிவா ஏரிக்கரையில், ஷிகா மாநிலத்தின் ஹரியே என்ற ஊரில் இன்றும் அதைப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயோ பக்கத்துக் கொட்டகையிலோ ஊற்று நீர் பொங்கிவரும் தொட்டி இருக்கிறது, கபாத்தா என்பார்கள். ஊற்று பொங்கும் முதல் தொட்டியில் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கிறார்கள். அது வழிந்து விழும் அடுத்த தொட்டியில் காய்கறி கழுவுகிறார்கள். கடைசித் தொட்டியில் கெண்டைகள். சாப்பிட்ட தட்டையும் பானையையும் அதில் போட்டால், ஒட்டியிருக்கும் சோற்றையும் கறித்துணுக்கையும் மீன்கள் கொத்தித் தின்றுவிடும். நீர் தெருவோரக் கால்வாயில் இறங்கி, ஏரிக்குப் போய்ச் சேரும். அடுத்த வீட்டுக்காரர் கீழே இருக்கிறார் என்ற நினைப்பு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நினைப்புதான்.

பிறகு மீன் ஊரை விட்டு வெளியேறியது. பாலிதீன் பையில் நீரையும் ஆக்சிஜனையும் அடைத்து விமானத்தில் அனுப்பலாம் என்ற வசதி வந்ததும், கோய் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. மீன் போனது, ஊற்றும் மலைச்சரிவும் கூடப் போகவில்லை. தோட்டத்து மூலையில் ஒரு சிமெண்ட் குழி, அதில் குழாய் நீர். வரும் வழி உண்டு, போகும் வழி இல்லை. தொடக்க காலத்தில் வளர்த்தவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இறைத்துக் கொட்டிவிட்டுப் புது நீர் நிரப்புவது. பச்சைப் பசேலென்று குளம் மாறியதும் இறைப்பார்கள், சுவரைத் தேய்ப்பார்கள், நிரப்புவார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் பச்சை. சில சமயம் கண்ணாடி போல நீர் தெளிந்திருக்கும்போதே மீன்கள் செத்து மிதக்கும். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை என்பதை அந்தத் தலைமுறை மீன்களைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

ஏன் செத்தன? ஒரு சின்னக் கணக்கு. 40 சதவீதம் புரதம் உள்ள தீனி 100 கிராம் போட்டால், அதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை கிராம் அம்மோனியா நீரில் சேரும். பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது; கண்ணுக்குத் தெரியாது. தினமும் இவ்வளவு போட்டால், 10,000 லிட்டர் குளத்தில் மூன்றே நாளில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தொட்டுவிடும். ஆற்றில் இது அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய குளத்தில் அந்த அம்மோனியாவைத் தின்ன யாராவது வேண்டும்.

தின்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், அது ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பழுப்பாகி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். நைட்ரேட் அவ்வளவு தொல்லை தராது; செடிகள் எடுத்துக்கொள்ளும், மீதியை வாராவாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிக் குறைக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. ஒட்ட இடம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், நிற்காத ஓட்டம் வேண்டும். ஃபில்டர் என்பது அவற்றுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு. அழுக்கை வடிகட்டுவது அதன் பாதி வேலைதான்.

முதலில் வந்த ஃபில்டர்கள் ஜல்லி நிரப்பிய தொட்டிகள். குளத்துக்குச் சமமான இடத்தைக்கூடச் சில வீடுகளில் அவை பிடித்துக்கொண்டன. ஜல்லிக்கிடையே கழிவு அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆக்சிஜன் போகாது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். பிறகு தொட்டியைப் பல அறைகளாகப் பிரித்தார்கள். முதல் அறையில் நீரைச் சுழலவிட்டு, கனமான கழிவை அடியில் படியவைத்தார்கள். அடுத்த அறையில் நீளமான பிரஷ்கள், அதற்கடுத்து ஸ்பாஞ்ச், கடைசியில் ஜப்பானிய மேட் என்று சொல்லப்படும் முரட்டு நார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அந்தப் பிரஷ்களை உதறிக் கழுவுவதில் போகும். அதில் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. நார்ப்பாயை வெள்ளையாகும்வரை குழாய் நீரில் கழுவியவர்களின் மீன்கள் சில நாளில் நோயுற்றன. குழாய் நீரின் குளோரின், பாயில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் குளத்து நீரையே வாளியில் மொண்டு, அதில் இரண்டு முறை அலசிவிட்டு, பழுப்பு நிறம் ஒட்டியிருக்கும்போதே திரும்பப் போட்டார்கள். அந்தப் பழுப்புதான் குளத்தின் உயிர்.

இன்று நன்றாகக் கட்டிய ஒரு கோய் குளத்தைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழம், செங்குத்துச் சுவர், அடித்தளத்தின் நடுவே பாட்டம் டிரெய்ன். கழிவு கரைவதற்கு முன்பே அந்த வடிகால் வழியாக ட்ரம் ஃபில்டருக்குப் போய்விடுகிறது. ட்ரம் என்பது கிடைமட்டமாகக் கிடக்கும் ஓர் உருளை. சுற்றிலும் நுண்ணிய வலை. வலைக்கண் 60, 70 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். நீர் உள்ளிருந்து வெளியே வடியும். வலை அடைத்ததும் ஒரு பக்கம் நீர்மட்டம் மாறும், சென்சார் அதை உணரும், உருளை சுழலும், மேலே இருக்கும் நாசில்கள் பீய்ச்சியடித்துக் கழிவைச் சாக்கடைக்குத் தள்ளிவிடும். சில நொடிகள்தான். ஞாயிற்றுக்கிழமை வேலையை அது ஒரு நாளில் பலமுறை செய்துவிடுகிறது.

ட்ரம்மைத் தாண்டினால் பாக்டீரியாக்களின் அறை. நார்வேயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவாக்கிய சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆயிரக்கணக்கில் காற்றுக்குமிழியில் ஓயாமல் புரளும். ஒன்றோடொன்று உரசுவதால் பழைய படலம் உதிர்ந்து புதியது வளர்கிறது. சிலர் இதற்குப் பதிலாக, ஒகயாமாவின் மொமொதாரோ பண்ணை பிரபலப்படுத்திய பாக்கி ஷவர் வைக்கிறார்கள். அடுக்கடுக்கான தட்டுகளில் பீங்கான் துண்டுகள், மேலிருந்து அருவியாக விழும் நீர். ஆக்சிஜன் ஏற அதைவிட நல்ல வழி குறைவு. யூவி விளக்கு மிதக்கும் பச்சைப் பாசியை ஒடுக்கும். அம்மோனியாவை அது தொடாது. விளக்கைப் போட்டு நீர் தெளிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவது, இறைத்துக் கொட்டிய காலத்துப் பிழையின் புது வடிவம்.

இவ்வளவு வசதி வந்த பிறகு மீன்கள் நிம்மதியாக இருக்க வேண்டும். பல இடங்களில் இல்லை. ஃபில்டர் தாங்கும் என்று தெரிந்ததும் மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், தீனியைக் கூட்டுகிறார்கள். மண் குளத்தில் தவறு நடந்தால் சரிசெய்ய நாள்கள் இருந்தன, இங்கே மணிக்கணக்கு. மின்சாரம் நின்றால் முதலில் மூச்சுத் திணறுவது ஃபில்டர்தான். மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் எஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மோட்டாரை அப்படியே ஓட்டினால் அந்த அழுகல் நேராகக் குளத்துக்குள் வரும். முதலில் அந்த நீரைச் சாக்கடைக்கு விட்டுவிட வேண்டும். இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒரு சிறிய ஏர் பம்பாவது ஓட வேண்டும். குளம் கட்டித் தருபவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

மின்சாரத்தின் மீதான இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை யமகோஷியே அனுபவித்தது. 2004 அக்டோபர் 23 மாலை 6.8 அளவிலான நிலநடுக்கம். சாலைகள் சரிந்தன, ஊர் மக்கள் அனைவரையும் ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். மலைச்சரிவின் குளங்கள் வெடித்து நீர் வடிந்தது. அறுவடை முடிந்து மீன்கள் வளர்ப்புக் கூடங்களுக்கு வரும் பருவம் அது. மின்சாரம் போனதால் அங்கே பம்புகளும் நின்றன. ஏராளமான மீன்கள் அழிந்தன. அங்கே ஓடும் இமோ ஆற்றை மண்சரிவு அடைத்ததில் கோகோமோ என்ற குடியிருப்பே நீரில் மூழ்கியது. ஆனாலும் வளர்ப்பவர்கள் திரும்பி வந்தார்கள். குளங்களை மறுபடி வெட்டினார்கள். 2017இல் அந்தப் பகுதியின் நெல்லும் கெண்டையும் சேர்ந்த வாழ்முறையை ஜப்பான் அரசு முக்கிய வேளாண் மரபாக அறிவித்தது.

அங்கே அன்றும் இன்றும் ஒரே மீனின் வாழ்வில் சேர்ந்திருக்கின்றன. பனி உருகியதும் குளத்தை வற்றவிட்டு, சேற்றை உழுது, சுண்ணாம்பு தூவி, கோழி எரு போட்டு நீர் தேக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவே உள்ள நீர்ப்பூச்சிகள் அதில் பெருகும். குஞ்சுகளுக்கு அவையே முதல் உணவு. கோடை முழுவதும் மீன் அந்தக் கலங்கல் நீரில் வளர்கிறது. அக்டோபரில் வலைபோட்டு எடுத்து, ஃபில்டர் ஓடும் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உலகின் விலையுயர்ந்த கோய்களை உருவாக்குபவர்கள் சேற்றைக் கைவிடவில்லை. உடல் பருப்பதற்கும் தோலின் நிறம் ஏறுவதற்கும் மண் குளத்துக்கு ஈடான இயந்திரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊரிலும் கோய் வளர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சென்னை கொளத்தூரில் வாங்கி வந்து, பின்கட்டிலோ மொட்டைமாடியிலோ குளம் வைக்கிறார்கள். பனி நாட்டு மீனுக்கு நம் வெயில் இரண்டு விதத்தில் கடினம். 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அடுத்தது அம்மோனியா. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது, பிஎச் 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நஞ்சு. போர் நீரில் பல இடங்களில் பிஎச் ஏறியே இருக்கும். பாசி மிகுந்த குளத்தில் சாயங்காலத்தில் இன்னும் ஏறும். ஆகவே நிழல் முக்கியம், ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும், கொளுத்தும் பகலில் தீனி வேண்டாம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறையப் போட்டால் ஒரு பகுதி செரிக்காமலே வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

புதிதாகக் கட்டியவர் முதல் நாளே விலையுயர்ந்த மீனை விட்டுவிடக் கூடாது. குழாய் நீரானால் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை நீக்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, இரண்டு சாதாரண மீன்களை விட்டு, சிட்டிகை அளவு தீனி போடுங்கள். தெரிந்தவர் குளத்தில் பழுப்பேறிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் வாங்கி உள்ளே போடுங்கள். நோயில்லாத குளம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அந்த நாள்களில் 10,000 லிட்டருக்கு 10 கிலோ அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்துவிட்டால் நைட்ரைட் செவுளுக்குள் புகுவது குறையும். பிஎச் திடீரென்று சரிந்தால் சமையல் சோடா கொஞ்சம் சேர்க்க வேண்டும். பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய நீரின் காரத்தன்மை செலவாகிக்கொண்டே வரும். நம் வெப்பத்தில் நான்கைந்து வாரங்களில் இரண்டும் சுழியத்துக்கு இறங்கிவிடும். அதே அளவில் ஒரு வாரம் நின்ற பிறகு அடுத்த மீனை வாங்கலாம்.