பருத்தியில் வாடல் வியாதி

கரிசல் காட்டில் கருங்கண்ணிப் பருத்தி செழித்து நிற்கையில், அங்கங்கே சில செடிகள் இலை மஞ்சளித்துத் தொங்கி வாடுவதுண்டு. குடியானவர்கள் இதனை ஈரக்குறைவென்று கருதி மழையை எதிர்பார்த்திருப்பது வழக்கம். அவ்விதம் காத்திராமல், வாடிய செடியொன்றைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பார்க்கவும். உள்ளே பழுப்பு அல்லது கருநிறக் கோடுகள் தென்பட்டால் அது வறட்சியன்று, வாடல் வியாதியே. ஃபுசேரியம் என்னும் பூஞ்சணம் வேர்வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது.

வியாதி கண்ட செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை, காக்கவேண்டியது நிலத்தையே. இப்பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு உயிருடன் கிடக்கும். ஆகையால் அச்செடிகளை வேரோடு பிடுங்கி அவ்விடத்திலேயே கொளுத்துக. அவற்றின் மாரை எருக்குழியில் இடுவது, வியாதியை மற்றக் காடுகளுக்கும் வண்டியேற்றி அனுப்புவதாகும். அக்காட்டுப் பருத்தியை விதைக்கு எடுக்கலாகாது.

கோடையில் ஆழ உழுது, தொழுவுரம் தாராளமாய் இட்டு, சில வருஷம் சோளம், கம்பு பயிரிட்டால் வியாதியின் வேகம் தணியும். விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா கலந்து கொள்க. வியாதி மிகுந்த நிலத்தில் எதிர்ப்புச் சக்தியுள்ள ரகத்தையே விதைக்கவேண்டும். இந்நாட்டு வாடல் பூஞ்சணம் அமெரிக்க இனப் பருத்தியை அநேகமாய்த் தீண்டுவதில்லை.

ஒரு செடியைப் பிளந்து பார்க்க ஒரு நிமிஷமே பிடிக்கும். அதனைத் தாமதியாது செய்வோரின் காடு தப்பும்.