மனச்சோர்வு மாத்திரை ரத்தக்குழாயைக் கெடுக்குமா?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். "அது ரத்தக்குழாயைத் தடிக்க வைத்துவிடும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நிறுத்திவிடலாமா? வேண்டாம். முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2011-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரட்டைச் சகோதரர்களின் கழுத்து ரத்தக்குழாயை அளந்தார்கள். இருவரில் ஒருவர் மட்டும் மாத்திரை எடுத்த 59 ஜோடிகளில், எடுத்தவருக்குக் குழாய்ச் சுவர் சுமார் 41 மைக்ரான் (மைக்ரான்: மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாகத் தடித்திருந்தது. வயது கூடினாலே ஆண்டுக்குப் பத்து மைக்ரான் தடிக்கும். ஆக, நாலு வயது கூடுதலான குழாய்.

அப்படியானால் மாத்திரைதான் காரணமா? அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. மனச்சோர்வே இதயத்துக்குக் கெடுதல்தான். மழை பொய்த்து, கடன் ஏறி, தூக்கம் கெட்டவர் பீடியைக் கூட்டுவார். சர்க்கரை மாத்திரையை மறப்பார். மாத்திரை எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க, கொரியாவில் இதய அடைப்போடு மனச்சோர்வும் இருந்த 300 பேரைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மரணம், மாரடைப்பு, அடைப்பு நீக்கும் சிகிச்சை இவற்றில் ஏதாவது ஒன்று, எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் 40.9% பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.6% பேருக்கும் நேர்ந்தது.

எல்லா மாத்திரையும் ஒன்றா? இல்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை இதயத் துடிப்பைக் கூட்டலாம்; மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். வென்லாஃபாக்சின் பிரஷரைக் கூட்டலாம். மிர்டாசபின் எடையைக் கூட்டலாம்.

வேறு மாத்திரைகளோடு சேர்ந்தால்? செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் எடுப்பவர் ஆஸ்பிரினோ, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கோ சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடும். மலம் தார்போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நானாக நிறுத்தினால் என்ன ஆகும்? தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வந்தால் இந்த மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். "தூக்க மாத்திரை" என்று மறைக்காதீர்கள். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, எடை நான்கையும் பார்த்து வையுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் தினம் அரை மணி நேரம் நடங்கள்.

மனசு தாங்காத நேரத்தில் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாத்திரையைப் பற்றிய சந்தேகத்தை டாக்டரிடம் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.