உங்கள் வாட்ச் யாருக்கு வேலை செய்கிறது?

மீஞ்சூரில் எங்கள் வீட்டில் சென்ற மாதம் நடந்தது இது. அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தேன். தினமும் காலை 5 மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருவார். எனக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் அந்த நேரத்தில் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் நடந்த கணக்கை எங்கள் புதுக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். மேப்பில் ஒரு சிவப்புக் கோடு எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்தது. பக்கத்தில் தேதி, நேரம். கீழே சின்ன எழுத்தில் ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்று இருந்தது!

"ஏம்ப்பா, வீடு பூட்டியிருக்கிற நேரம் ஊருக்கே தெரியுமா?" என்று கேட்டார் அப்பா.

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு சினிமாவைப் பார்த்துவிடலாம்.

ஜேம்ஸ்பாண்ட் கட்டிய வாட்ச்

1983-ல் வந்த ‘ஆக்டோபஸி’ படத்தின் இந்தியக் காட்சிகள் உதய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் பாண்டுக்கு உதவும் உளவாளியாக அதில் நடித்திருப்பார். படத்தில் பாண்ட் கட்டும் ஒரு சீக்கோ வாட்ச்சில் டிவி தெரியும். கற்பனை என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1982-லேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்த வாட்ச்தான். ஆனால் நிஜத்தில் அது வேலை செய்ய, சட்டைப் பையில் ஒரு ரிசீவர் பெட்டியும் அதிலிருந்து ஒயரும் வேண்டும். படத்தில் அவை இல்லை. விஞ்ஞானக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான். கருவியைக் காட்டுவார்கள், ஒயரை மறைத்துவிடுவார்கள்.

பாண்டின் இன்னொரு வாட்ச் திசை காட்டும். நகை பதித்த ஒரு முட்டைக்குள் சிக்னல் அனுப்பும் கருவியை வைத்திருப்பார்கள். முட்டை எந்தப் பக்கம் போகிறது என்று வாட்ச் சொல்லும். அதாவது ஒற்றுக் கருவி எதிரியிடம், வாட்ச் ஹீரோவிடம். தனியாக மாட்டிக்கொண்ட ஹீரோவுக்கு அது ஒரு துணை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கதையில் நிலாவுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் அப்படித் துணை நிற்கிறது. அதே கதையில் மக்களைக் கண்காணிக்கும் ஆட்சியும் உண்டு. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியராக இருந்த அவர் இரண்டு பக்கத்தையும் யோசித்திருக்கிறார்.

இன்றைய ஒயர் எங்கே?

ஜிபிஎஸ்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ரேடியோ மாதிரி, கேட்க மட்டுமே செய்யும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளில் குறைந்தது நான்கின் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து, வாட்ச் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பிறகு அந்த விவரம் ப்ளூடூத் மூலம் செல்போனுக்கும், அங்கிருந்து இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் சர்வருக்கும் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒயர் இதுதான்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், தன்னைப் பயன்படுத்துவோர் ஓடிய, நடந்த பாதைகளை உலக மேப்பில் வெளியிட்டது. பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் 2018 ஜனவரியில், ராணுவ முகாம்களின் வடிவம் அதில் தெரிவதைப் பலர் கண்டுபிடித்தார்கள். வீரர்கள் முகாமுக்குள் ஓடிய தடம் அது! பாண்ட் படத்தில் முட்டை வேறு, வாட்ச் வேறு. இன்று இரண்டும் ஒரே கையில்.

என்ன செய்ய வேண்டும்?

1. கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து ‘பிரைவசி’ பகுதிக்குச் செல்லுங்கள். ‘எவ்ரிஒன்’ என்று இருந்தால் ‘ஒன்லி மீ’ என்று மாற்றுங்கள்.

2. இந்த மாற்றம் பழைய பதிவுகளுக்குப் பொருந்தாமல் போகலாம். அவற்றைத் தனியே பார்த்து மறைத்துவிடுங்கள் அல்லது அழித்துவிடுங்கள்.

3. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவது வாட்ச்சில் உள்ள அசைவு சென்சார். அது மட்டும் போதும் என்றால், வாட்ச்சின் ஜிபிஎஸ்ஸையும், செல்போனில் அந்த ஆப்புக்குத் தந்த லொக்கேஷன் அனுமதியையும் நிறுத்திவிடலாம்.

அப்பாவின் வாட்ச்சில் மூன்றையும் செய்துவிட்டோம். இப்போதும் அவர் 5 மணிக்கு நடக்கிறார். அடிக்கணக்கு வருகிறது, சிவப்புக் கோடு வருவதில்லை.