பெட்டியில் எழுதாத சுவர்

சமையலறையில் மாட்டிய கம்பித் தட்டு சாமான்களோடு கீழே விழுந்தால், எல்லாரும் முதலில் கம்பியைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கம்பி வளைந்திருக்காது, வெல்டிங்கும் விட்டிருக்காது. பிடுங்கிக்கொண்டு வந்தது ஸ்க்ரூ. அதோடு பிளாஸ்டிக் பிளக். அதோடு ஒரு கைப்பிடி சுண்ணாம்பு. இந்த வகைத் தட்டு பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது அமெரிக்க வீடுகளில். அங்கே ஜிப்சம் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். அந்தச் சட்டத்தைத் தேடி ஸ்க்ரூ போடச் சொல்லும் குறிப்புத்தாளையே நம் ஊர்ப் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்தால் யாருக்கு என்ன பயன்? கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது, ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளிலேயே இருக்கின்றன. இடம் குறுகிய வீட்டில் சாமான் ஏற வேண்டியது சுவரில்தான். அந்தச் சுவர் ஒரு பக்கம் மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ எழுப்பிய பழைய கட்டாக இருக்கலாம், பின்னால் நீட்டிய பக்கம் ஹாலோ பிளாக்காக இருக்கலாம். சுரங்கம் ஓடிய நாட்களில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று ஊரார் சொன்ன பாறை வெடிப்புகள் உலுக்கிய சுவரும் உண்டு. எந்தச் சுவருக்கு இந்தத் தட்டு ஆகும், எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லாமல் விற்பதே பொருளின் குறைபாடு என்பதுதான் என் வாதம். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு தட்டில் அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு டப்பா என்று 60 கிலோ பரவலாக ஏறுகிறது. அந்தப் பாரம் சுவரிலிருந்து சராசரியாக 20 சென்டிமீட்டர் தள்ளி உட்காருகிறது. பிராக்கெட்டின் உயரம் 5 சென்டிமீட்டர்தான் என்றால், மேல் வரிசை ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை மொத்தம் 240 கிலோ எடைக்குச் சமம். அதே தட்டுக்குக் கீழே 30 சென்டிமீட்டர் இறங்கும் சாய்வுத் தாங்கி கொடுத்தால் அது 40 கிலோவாகக் குறைந்துவிடும். தடித்த கம்பி வாங்குவதைவிடச் சாய்வுத் தாங்கி வாங்குவது புத்திசாலித்தனம் என்பது இதனால்தான். அடுத்தது துளை. டிரில்லில் வரும் தூளே சுவர் இன்னதென்று காட்டிவிடும்: செங்கல் என்றால் சிவப்பு, சிமெண்ட் என்றால் சாம்பல், சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெள்ளை. வெள்ளையோ மண்ணோ மட்டுமே வந்துகொண்டிருந்தால் முனை இன்னும் பூச்சிலோ சாந்து இடுக்கிலோதான் இருக்கிறது. அங்கே பிளக் அடிப்பது மாவில் ஆணி அடிப்பது போல. துளையைச் செங்கல்லின் நடுவுக்கு நகர்த்தி, பூச்சைத் தாண்டி உள்ளே போகும் நீளமான பிளக் போட வேண்டும். ஹாலோ பிளாக்கில் துளை திடீரென்று காலியாக ஓடும். அங்கே சாதாரண பிளக் நிற்காது, உள்ளே போய் விரியும் தனி வகை கேட்டு வாங்குங்கள். சுவர் எதையும் பிடிக்காது என்று தெரிந்தால், தரையில் கால் ஊன்றும் ஸ்டாண்டே போதும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

இனி உரிமை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்புப் பிழை, வடிவமைப்புப் பிழை ஆகியவற்றோடு, தீங்கு நேராமல் பயன்படுத்தப் போதிய குறிப்போ எச்சரிக்கையோ தராததையும் தயாரிப்பாளரின் பொறுப்பில் சேர்க்கிறது. பொருத்தித் தந்தவரின் வேலை குறைபாடாக இருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பெயர் இல்லாத தட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் அந்தப் பொறுப்பு விற்றவர்மேல் வரும். தலையில் பட்ட காயமும் உடைந்த மிக்ஸியும் இந்தக் கணக்கில் ‘தீங்கு’. தட்டின் விலை மட்டும் இதில் வராது, அதைக் குறைபாடுள்ள பொருள் என்று தனியாகக் கேட்க வேண்டும். பில் தராததும், பில்லில் வேறு கெடு இல்லாதபோது 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். ஆகவே பில்லோடு காலிப் பெட்டியையும் குறிப்புத்தாளையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் என்ன எழுதவில்லை என்பதற்குப் பெட்டிதானே சாட்சி! விழுந்ததை அள்ளிப் பெருக்குவதற்கு முன் சுவரையும் துளையையும் படம் எடுத்துவிடுங்கள்.

“அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டுக் கடைக்காரனைக் குற்றம் சொல்வதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்பனையாளருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் அளவு இன்னதென்று எழுதியிருந்தால்தானே மீறினோம் என்று சொல்ல முடியும்? எழுதியிருந்து நாம் மீறியிருந்தால் வழக்கு நிற்காது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய்த் தட்டுக்கு வழக்கா என்பது இன்னொரு கேள்வி. முதல் படி வழக்கு அல்ல, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அது பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆன்லைனில் வேறு மாநிலத்து நிறுவனத்திடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மூன்றாவதுதான் எனக்கே சங்கடமானது: கூலிக்கு வந்து மாட்டிய ஆசாரியை இழுப்பதா? காசு வாங்காமல் செய்து கொடுத்த அண்டை வீட்டுக்காரர் சட்டப்படி ‘சேவை’ வரம்புக்குள்ளேயே வரமாட்டார். காசு வாங்கியவர் வருவார். ஆனாலும் பெட்டியில் எழுதாததை அவர் எங்கே படித்திருப்பார்? கேள்வி முதலில் தயாரிப்பாளரிடம் போக வேண்டும்.

வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல். குடியிருப்பவர் தான் பொருத்தியதைக் காலி செய்யும் முன் கழற்றிக்கொள்ளலாம், சுவரைப் பழையபடி விட்டுப் போக வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கும் விதி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். துளை போடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது சம்மதம் வாங்கிவிட்டால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கும்போது வாக்குவாதம் இருக்காது.

கடைசியாகத் தூசி. கல்லிலும் செங்கல்லிலும் துளை போட்டால் பறக்கும் நுண்தூளில் சிலிக்கா உண்டு. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்த சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமான அதே சிலிக்கா. இரண்டு துளையால் புதிதாக நோய் வந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் பழைய தொழிலாளி ஒருவர் அதே அறையில் படுத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. சுரங்கத்தில் தூசி அடங்கத் தண்ணீர் விட்டுத் துளைப்பார்கள். மின்சார டிரில்லில் அதைச் செய்யக் கூடாது. துளைக்குக் கீழே ஒரு காகித உறையை டேப்பால் ஒட்டித் தூளைப் பிடியுங்கள், தரையை ஈரத் துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள். தூசி அடங்கும்வரை பெரியவரைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள்.