பெட்டி வாங்கு படலம்

கடல்கடந்து செல்வோர் வெறுங்கையோடு மீளுதல் நம் நாட்டில் வழக்கமன்று. 1980களிற் சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்திறங்கிய இளைஞர் தோளிற் சுமந்து வந்தது பெரும்பாலும் ஒரு ‘ரேப்’ ஆகவே இருந்தது. அது எந்த வீட்டுக்கு வந்தது என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஒழுங்கை முழுவதும் அதன் பாட்டைக் கேட்டே தீரவேண்டும். இவ்வழக்கத்திற்குப் புறம்பாகவே ஐம்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்ட நானும், 2025 ஓகஸ்ட் விடுமுறையிற் சிங்கப்பூர் சென்று, மூன்று நாள் கடைகடையாய் ஏறி இறங்கி, உள்ளங்கையுள் அடங்கும் பாட்டுப்பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். நன்னூல் கற்பிப்பவருக்கு இந்த வயதில் இது தகுமோ என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வினவினார். அன்று மறுமொழி கூறவில்லை. இக்கட்டுரையை அம்மறுமொழியாகக் கொள்ளுக.

என்னிடம் மூன்று கசெற்றுகள் உள்ளன. 1989ஆம் ஆண்டில் என் ஆசிரியர் வீட்டு விறாந்தையில், அயலவரின் சவூதி ரேப்பை இரவல் வாங்கிப் பதிவு செய்தவை. கந்தபுராண படனத்துக்கு அவர் என்னைப் பழக்கிய காலம் அது. புராண படனம் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிலைபெற்ற ஒரு கலை என்பதை மாணவர் சிலர் அறியாதிருக்கலாம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசிப்பவன் சொற்பிரிப்பில் இடறினால், பயன் சொல்லுபவர் சபையறியாதபடி தம் உரையினாலேயே அதனை நேராக்கிவிடுவார். என் ஆசிரியர் அதில் வல்லவர். நூலொன்றும் அவர் அச்சிட்டாரல்லர், கட்டுரை எழுதினாரல்லர். 1991இல் மறைந்தார். அவர் புலமைக்கு எஞ்சிய சான்று இந்நாடாக்களே. பதிவு செய்தவை ஐந்து. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விற் கைப்பையுள் வந்து சேர்ந்தவை மூன்று. மற்றை இரண்டும் வீட்டோடு போயின.

அவர் மறைந்த பின் அக்குரலை நான் கேட்ட முறையை இளைஞர் நம்புதல் அரிது. 1990 யூனுக்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக் கொண்டு வானொலியையும் ரேப்பையும் இயக்கினோம். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பர். எங்கள் வீட்டிற் சுற்றுபவன் என் தம்பி. அவன் கை சோர்ந்தால் ஆசிரியர் குரலும் தாழ்ந்து, தொண்ணூறு வயது முதியவர் போல இழுத்து இழுத்துப் பயன் சொல்லுவார். நான் அதட்டுவேன். அவன் சினந்து வேகமாகச் சுற்றுவான். உடனே ஆசிரியர் இருபது வயது வாலிபராகிக் கீச்சுக் குரலிற் சூரபன்மனைப் பற்றிப் பேசுவார். இருவரும் சிரிப்போம். துயரமான காலத்திலே சிரிக்க வாய்த்த மிகச் சில தருணங்களுள் அஃது ஒன்று.

சிங்கப்பூரிலிருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில், “மாமா, அந்தக் கசெற்றுகளைக் கொண்டு வாங்கோ. கொம்பியூட்டரிலை ஏத்திவிட்டால் பிறகு போனிலையே கேக்கலாம்” என்று பலமுறை வற்புறுத்தினான். நாடா ஆண்டுதோறும் நலிகிறது. அவன் சொன்னது சரியே. ஆனால் ஏற்றுவதற்கு முன் கசெற் ஒருமுறையாவது செவ்வையாக ஓடவேண்டும். ஓட்டும் பெட்டி விரைந்தால் அவ்விரைவும், தள்ளாடினால் அத்தள்ளாட்டமும் படியிலே பதிந்து நிலைத்துவிடும். இஃது ஏடு பெயர்த்தெழுதுவோன் கதை. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில் நலிந்த ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். ஏட்டை முன்னே பெயர்த்தெழுதியவன் கண்ணயர்ந்த இடமெல்லாம் இன்று பாடபேதமாக நம் வகுப்பறையில் வந்து நிற்கிறது. என் ஆசிரியர் குரலுக்கு அவ்வாறு கண்ணயர்ந்த எழுத்தனாக நான் ஆகக்கூடாது என்பதே என் கவலை. நல்ல பெட்டியொன்று வேண்டும். அஃது இங்கே அகப்படவில்லை.

கட்டுநாயக்காவிற் கைப்பையை ஊடுகதிர்க் கருவியுள் விடும்போது நெஞ்சு பதைத்தது. ஊடுகதிர் காந்த நாடாவைக் கெடுப்பதில்லை; காந்தமே அதற்குப் பகை. இதனை முன்னரே படித்திருந்தேன். படித்தது பதைப்பைத் தடுக்கவில்லை.

தேக்காவிற் காலையுணவு முடித்துச் சற்று நடந்தால் ரொச்சோரிற் சிம் லிம் ஸ்குவெயர் என்னும் மாடிக் கட்டடம் நிற்கிறது. அடுக்கடுக்காக மின்பொருட் கடைகள். 2014 நவம்பரில் இங்கே ஒரு கைத்தொலைபேசிக் கடையில், உத்தரவாதக் கட்டணமென்று மேலும் 1,500 வெள்ளி கேட்கப்பட்ட வியட்நாமியப் பயணி ஒருவர் முழந்தாளிட்டுப் பணத்தை மீளக்கேட்டு அழுத காட்சி உலகெங்கும் பரவியது. (அந்நாட்டு டொலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குகின்றனர், கேட்க இனிய வழக்கு.) அதன் பின்னர் நிலைமை திருந்தியதென்கிறார்கள். எனினும் மருமகன், “விலை கேட்ட உடனை காசை வெளியிலை எடுக்காதேங்கோ மாமா, நாலு கடை பாத்திட்டு வாங்குவம்” என்று என் சட்டைப்பைக்குக் காவல் நின்றான்.

முதல் நாள் முழுவதும் நான் தேடாத பெட்டிகளையே கண்டேன். கடையிலிருந்த இளைஞர் அன்போடு ஒன்றை எடுத்து என் காதிற் ஹெட்போனைப் பொருத்தினார். நாடாவுமில்லை, தட்டுமில்லை, நகத்தளவான ஓர் அட்டையில் ஆயிரக்கணக்கான பாட்டுகள். பாடுபவர் அடியெடுப்பதற்கு முன் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. பொய் சொல்லலாகாது, மயங்கிப்போனேன். நூறு வெள்ளி தொடக்கம் பல ஆயிரம் வெள்ளி வரை விலை. கைத்தொலைபேசியே எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட இக்காலத்தில், செவிச்சுவையைப் பெரிதாகக் கொள்வோர்க்கென்று சில நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. 2001இல் வந்து உலகை ஆண்ட ஐபொட் கூட 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

கசெற் ஓடும் கைப்பெட்டியின் வரலாறு இன்னும் பழையது. பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை 1963இற் பேர்லினில் அறிமுகம் செய்தது. சோனி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான மசாரு இபுகா, நீண்ட வான்பயணங்களில் இசை கேட்பதற்குக் கைக்கடக்கமான கருவி வேண்டினார். செய்தியாளர் பயன்படுத்திய சிறு ஒலிப்பதிவுப் பெட்டியிலிருந்து பதியும் உறுப்பை நீக்கி அவருக்கொன்று செய்து கொடுத்தனர். பதிய இயலாத பெட்டியை எவர் வாங்குவார் என்று நிறுவனத்துள்ளேயே ஐயம் எழுந்தது. அக்கியோ மொரிற்றா பிடிவாதமாக நின்று, 1979 யூலை 1ஆம் திகதி வோக்மன் என்னும் பெயரில் 33,000 யென்னுக்குக் கடைக்கு விட்டார். முதற் பெட்டியில் இருவர் ஒருங்கு கேட்க இரண்டு துளைகளும், கேட்டுக்கொண்டே உரையாடுவதற்குச் செம்மஞ்சட் பொத்தானொன்றும் இருந்தன. ஒருவர் தனியே காதை மூடிக்கொண்டிருப்பது மரியாதையன்று என அஞ்சினாராம். இன்று பேருந்தில் நம் மாணவரைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ! யப்பானிற் கசெற் வோக்மன் விற்பனைக்கு அனுப்புவது 2010இல் நின்றது.

ஆகவே பழைய பெட்டிகளே கதி. பழம்பொருட்குப் பேர்போன சுங்கை வீதிச் சந்தை 2017 யூலையில் மூடப்பட்டுவிட்டது. இரண்டாம் நாள் வேறொரு பழைய கட்டடத்தின் மேல்மாடிக் கடையில் அழகிய வோக்மன் ஒன்று கண்டோம். விலை 280 வெள்ளி. நல்லவேளையாக மருமகன் ஒரு வழி சொல்லித் தந்திருந்தான்: பழந்திரைப்பாட்டுக் கசெற் ஒன்றைச் சோதனைக்கென்று உடன்கொண்டு போவது, அதே பாட்டைத் தொலைபேசியிலும் போடுவது, இரண்டையும் ஒரே கணத்தில் தொடக்கிவிட்டு எது முந்துகிறது என்று பார்ப்பது. நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டுமென்பது விதி. அதனை அளக்க வேறு கருவி வேண்டியதில்லை. இரண்டு வரி ஒன்றாக நடந்தது. மூன்றாம் வரியிற் கசெற் மூச்சுத் திணறியது. திறந்து பார்த்தால் நாடா உருளைகளைச் சுற்றி இடியப்பமாகிக் கிடந்தது. கடைக்காரர் கசெற்றின் மேற் பழி சொன்னார். பையுள்ளே ஆசிரியர் பத்திரமாக இருந்தார். என் கால்கள் மட்டும் சற்று நடுங்கின.

மூன்றாம் நாள் சென்றது கடையென்று சொல்லத்தகாத சிற்றறை. எழுபது வயதைக் கடந்த சீனர் ஒருவர் கண்ணாடிவில்லையைக் கண்ணிற் செருகிக்கொண்டு இருந்தார். என்னிலும் மூத்தவர் என்னை ‘அங்கிள்’ என்றார். அந்நாட்டு வழக்கம் அப்படி. பழைய பெட்டிகளுக்கு நோய் பெரும்பாலும் ஒன்றேயென்று ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கினார். உள்ளே சக்கரங்களைச் சுழற்றும் இறப்பர் வார் நாளடைவிலே தளர்ந்து, சிலவற்றிற் கரும்பாகு போல உருகிவிடுமாம். ஒன்றைத் திறந்து அவ்வுருகலைக் காட்டினார். வேறொன்றில் அதனைச் சுரண்டித் துடைத்துப் புதுவார் இட்டிருந்தார். நாடாவைத் தடவும் காந்தத் தலையை மதுசாரத்தாற் கழுவிய பின் இன்னொரு பாட்டுக் கசெற்றைப் போட்டார். தொலைபேசிப் பாட்டுக்கு அது சற்றுப் பிந்தியது. உடனே மெல்லிய திருப்புளியொன்றால் உள்ளிருந்த சிறு திருகாணியை மயிரிழையளவு திருப்பினார். இரண்டு பாட்டும் இணைந்தன. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், பிரியவேயில்லை.

பின்னரே ஆசிரியரை வெளியே எடுத்தேன்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்திய விறாந்தை காதுக்குள்ளே திறந்தது. ஆனால் குரல் நான் நினைவில் வைத்திருந்ததிலும் சிறிது கனமாக இருந்தது; நடையும் சிறிது ஆறுதல். இஃது அவர் குரலன்று என்று மனம் முறையிட்டது. “இன்னும் கொஞ்சம் விரைவாக்க இயலுமா?” என்று கேட்டேன். முதியவர் மறுக்காமல் திருகாணியைத் திருப்பினார். ஆசிரியர் குரல் மெல்ல எழுந்து என் நினைவோடு பொருந்தியது. அதே குரல்! கண் கலங்கிவிட்டது. சரி, இவ்வாறே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் கடைசியாக அக்குரலை ஆண்டுக்கணக்காகக் கேட்டது எதிலே? என் தம்பி சினந்து சுற்றிய சைக்கிளில் அல்லவா? என் நினைவிலிருந்தது ஆசிரியரின் குரலா, டைனமோவின் குரலா?

தன் காதுக்கு இனித்த பாடத்தையே மூலபாடம் என்று துணியும் பதிப்பாசிரியரை வகுப்பில் எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். சவூதி ரேப் 1989இற் சரியான வேகத்திற் பதிந்ததா என்பதற்கும் சான்றில்லை; ஏடே பிழைபட்டதாயின் எவரும் செய்வதற்கொன்றுமில்லை. ஆனால் விதியின்படி ஓட்டுவது ஒன்று, விருப்பின்படி ஓட்டுவது வேறு. மருமகனின் தொலைபேசிப் பாட்டை மறுபடியும் போடச் சொல்லி, திருகாணியைப் பழைய இடத்துக்கே திருப்புமாறு வேண்டினேன். முதியவர் ஒன்றும் கேளாமல் அப்படியே செய்தார். கனத்த குரல் மீண்டது. சிறிது நேரம் அதனை அந்நியமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

160 வெள்ளி கொடுத்தேன், பேரம் பேசவில்லை. பயணிகள் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் 9 வீத வரியிற் பெரும்பகுதியை விமான நிலையத்தில் மீளப்பெறலாம் என்ற விதிகளையெல்லாம் நெட்டுருப் பண்ணி வந்திருந்தேன். அத்திட்டத்திற் சேர்ந்த கடைகளுக்கே அது பொருந்தும். அந்தச் சிற்றறையிற் பற்றுச்சீட்டே கையெழுத்திலேதான் இருந்தது.

அன்றிரவு மருமகன் பெட்டியைக் கணினியோடு இணைத்தான். படிக்குக் குறிப்பொன்று எழுதச் சொன்னேன்: பதிந்த ஆண்டு, இரவல் ரேப், ஓட்டிய பெட்டி, வேகத்தைத் திருத்திய முறை, நினைவிலிருந்த குரலோடு சிறிது வேறுபாடு. “இவ்வளவும் எதுக்கு மாமா?” என்று சிரித்தவாறே எழுதினான். பிறகு நாடா ஓடத் தொடங்கியது. தொலைவிற் குயிலொன்று கூவியது. ஒரு பொடியன் செய்யுள் வாசித்தான். இராகம் குற்றமில்லை, சொற்பிரிப்புத்தான் பிழை. மருமகன் திரும்பி என்னைப் பார்த்தான். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்கை, அந்த அடியைத் திருப்பி வாசி தம்பி” என்றார். பத்தொன்பது வயதான நான் திருப்பி வாசித்தேன். அதே இடத்தில் அதே பிழை. ஆசிரியர் சிரிக்கத் தொடங்கினார். அவர் என்ன சொன்னாரென்று தெரியுமுன் பக்கம் முடிந்து பெட்டி தானாகவே நின்றது. மருமகன் கசெற்றை மறுபக்கம் திருப்பினான்.